மண் தடமா, சிந்தெட்டிக்கா? வேலூர்ப் பிள்ளைகளின் பயிற்சிக்கு

உலக 20 வயதுக்குட்பட்டோர் தடகளப் போட்டி நடப்பது ரப்பர் பரப்பிய சிந்தெட்டிக் தடத்தில். நம் பிள்ளைகள் பலர் ஓடிப் பழகுவதோ மண்ணில். அது குறையே அல்ல. 2018-ல் பின்லாந்தின் டாம்பெரே நகரில் நடந்த அதே போட்டியில் 400 மீட்டரை 51.46 வினாடியில் ஓடித் தங்கம் வென்ற அசாம் வீராங்கனை ஹிமா தாஸும் மண் மைதானத்தில் தொடங்கியவர்தான்.

மண் காலுக்கு இதம். மெதுவோட்டம், மேடேறி ஓடும் பயிற்சி, வாரத்தின் பெரும்பகுதி தூரம் எல்லாவற்றுக்கும் மண்ணே போதும். சிந்தெட்டிக்கில் தினமும் ஸ்பைக் (அடியில் ஆணி வைத்த ஷூ) போட்டு ஓடினால் முதலில் கெண்டைக்கால் இறுகும், பிறகு முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு வலிக்கும். சித்திரை வெயிலில் அந்த ரப்பர் கொதிக்கும். காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

ஆனால் ஸ்டார்ட்டை மண்ணில் மட்டும் பழகக் கூடாது. ஸ்டார்ட்டில் கால் வைத்து உதைக்கும் பிளாக்கை ஆணியடித்து நிறுத்தினாலும் பின்கால் உதைக்கும்போது மண் பெயர்ந்து நகரும். பிள்ளை பயந்து பாதி பலத்தில்தான் உதைக்கும். அந்தப் பழக்கம் பிறகு போகாது. வாரம் இரண்டு நாளாவது பஸ் ஏறிப் போய் சிந்தெட்டிக்கில் ஸ்டார்ட்டும் வளைவு ஓட்டமும் செய்யட்டும்.

ஸ்பைக் ஆணியின் நீளமும் மாறும்: மண்ணுக்கு 12 மி.மீ., சிந்தெட்டிக்குக்கு 6 மி.மீ. நீள ஆணி ரப்பரில் சிக்கிக் காலை இழுக்கும். சுண்ணாம்புக் கோட்டுத் தடத்தில் 400 மீட்டர் நேரத்தை நம்பும் முன் டேப் பிடித்து அளந்து பாருங்கள்: உள்கோட்டிலிருந்து 20 செ.மீ. தள்ளி அளக்க வேண்டும்.