விலை இறங்கிய கம்பளமும் நீலமாகிப்போன பச்சையும்

"இந்தக் கம்பளத்தைப் பாதி விலைக்குப் போட்டிருக்கிறார்களே, வாங்கலாமா?" என்று கேட்பவர்களுக்கு. கைமுடிச்சுக் கம்பளி, தாவரச் சாயம் என்பதெல்லாம் கடைத் தாளிலேயே இருக்கிறது. நான் சொல்ல வேண்டியது பச்சைக் கரையைப் பற்றி மட்டும். அது இப்போது பச்சையே இல்லை.

சிவப்பைக் குறை சொல்ல வழியில்லை. படிகாரம் ஏற்றி மஞ்சிட்டி வேர்ச் சாயத்தில் தோய்த்த கம்பளி, என் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு மேற்கு வெயிலிலும் லேசாகத்தான் தணிந்திருக்கிறது. அவுரி நீலம் அப்படியே நிற்கிறது. மிதிபட மிதிபட மினுமினுப்புகூட வந்துவிட்டது. வினையெல்லாம் பச்சையில்தான். அவுரியின் மேல் மஞ்சள் ஏற்றித்தான் பச்சை எடுப்பார்கள். அந்த மஞ்சள் மஞ்சள்கிழங்காக இருந்தால் வெளிச்சம் தின்றுவிடும், நீலம்தான் மிஞ்சும். இழைகளை விரலால் பிரித்துப் பாருங்கள்: அடியில் கிளிப்பச்சை, நுனியில் வெளிறிய நீலம். ஒரே நூலில்!

சன்னலுக்குப் புறஊதாத் தடுப்புப் படலம் ஒட்டினால் போதும் என்பார்கள். போதாது. மஞ்சள்கிழங்குச் சாயம் பெரும்பாலும் உறிஞ்சுவது கண்ணுக்குத் தெரியும் ஊதா, நீல ஒளியை. நிறமற்ற படலம் அதை உள்ளே விட்டுவிடும். இங்குள்ள ஈரப்பதம் வேறு வெளுப்பை விரைவாக்கும். வடக்குப் பார்த்த வீடு என்றும் நிம்மதியாக இருக்க முடியாது. மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை சிங்கப்பூரில் வெயில் வடக்கே சாய்ந்துதான் அடிக்கும். ஆறு மாதத்துக்கொரு முறை தலைமாற்றிப் போட்டால் சீராக வெளுக்கும், அவ்வளவுதான்.

வாங்குமுன் ஒவ்வொரு நிறத்திலும் ஒரு முழம் நூல் கேளுங்கள். அட்டையில் சுற்றி, பாதியை அலுமினியத் தாளால் மூடி, வெயில் விழும் சன்னலில் ஒரு மாதம் ஒட்டிவையுங்கள். பக்கத்தில் 'ப்ளூ வூல்' அளவுகோல் துண்டும் (வெளிச்சத்தில் வெவ்வேறு வேகத்தில் வெளுக்கும் எட்டு நீலக் கம்பளித் துணுக்குகள், 1 முதல் 8 வரை எண்ணிட்டவை) இருந்தால் எது எந்தப் படியில் நிற்கிறது என்று தெரிந்துவிடும். 1 உடனே வெளுக்கும், 8 அசையாது. ஒவ்வொரு படியும் முந்தையதைப் போல் சுமார் இரு மடங்கு தாங்கும். தரைக் கம்பளத்துக்கு 5க்குக் கீழே தொடாதீர்கள். மஞ்சள்கிழங்கு 1, 2லேயே நின்றுவிடும். உலோகம் சேர்ந்த செயற்கைச் சாயங்கள் 6, 7 வரை போகும். 'இயற்கை' என்ற சீட்டுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பவர்கள் கவனிக்க. ஒரே சாயத்திலும் வெளிர் நிறம்தான் முதலில் போகும்.

நெசவுக்குப் பத்துக்கு ஒன்பது தாராளமாகத் தரலாம். இருந்தாலும் அந்தப் பச்சைக் கரையோடு பாதி விலைக்குக்கூட வேண்டாம். சிவப்பும் நீலமும் மட்டும் உள்ளது கிடைத்தால் முழு விலைக்கே எடுங்கள்.