புதுச்சேரியில் ஆட்டம் பார்க்க ஓர் உணவகம்

புதுச்சேரி நேரு வீதியை ஒட்டிய சந்தொன்றில், பழைய வீட்டின் முற்றத்தில் திரை கட்டி உலகப் போட்டிகளை நேரலையாகக் காட்டும் சிறிய உணவகம் இருக்கிறது. கடலூரிலிருந்து இருமுறை அங்கே சென்றேன்: 2022 டிசம்பர் 18 அன்று கத்தார் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்துக்கும், 2024 ஜூலை 26 அன்று பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவுக்கும்.

போட்டியை நடத்தும் நாட்டின் உணவை அன்று சமைப்பது அவர்கள் வழக்கம். கத்தாருக்காகச் செய்த கோழி மச்பூஸில் அரிசி உதிரியாகவும், உலர்ந்த எலுமிச்சையின் புளிப்பு அளவாகவும் இருந்தது. பாரிஸ் இரவின் வெங்காய சூப் நீர்த்திருந்தது.

ஆனால் நான் இதை எழுதக் காரணம் உணவன்று. இறுதி ஆட்டத்தன்று ஒருபுறம் சொல்தா (பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய புதுச்சேரிக்காரர்) குடும்பங்கள் பிரான்சின் நீலச் சட்டையிலும், மறுபுறம் இளைஞர்கள் மெஸ்ஸியின் பத்தாம் எண் சட்டையிலும் அமர்ந்திருக்க, ஒரு மேசையில் மட்டும் கத்தாரையும் அந்நாட்டு மக்களையும் இழிவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். தோகாவில் பல ஆண்டுகள் சமையல் வேலை பார்த்த உரிமையாளர் அருகில் சென்று, "அந்த மைதானத்துல நம்ம ஆளுங்க வேர்வையும் இருக்குங்க. குறையைப் பேசுங்க, ஊரைத் திட்டாதீங்க" என்றார்.

என் தம்பியும் அங்கே கம்பி கட்டும் வேலை பார்த்தவன். கஃபீல் (விசா கொடுத்து வேலைக்கு அழைத்த முதலாளி) சம்மதிக்காமல் வேறு வேலைக்கு மாற முடியாமல் தவித்தவன். அந்தத் தடையை 2020இல் நீக்கியதற்கும், 2021இல் மாதம் 1,000 ரியால் குறைந்தபட்ச ஊதியம் நடைமுறைக்கு வந்ததற்கும் வெளியிலிருந்து எழுந்த கண்டனமும் ஒரு காரணம் என்பதால், அரசியல் பேசவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். எனினும் அரசின் மீதான கண்டனம் வேறு, அழைத்து உபசரிக்கும் மக்களை அவமதிப்பது வேறு. அதே 2022இல், மாஸ்கோவிலிருந்து மாற்றப்பட்டு மாமல்லபுரத்தில் நடந்த சதுரங்க ஒலிம்பியாடுக்கு வந்த பாகிஸ்தான் அணி, ஜோதி ஜம்மு காஷ்மீர் வழியாகச் சென்றதைக் காரணம் காட்டி ஆடாமலே திரும்பியபோது, விருந்தினருக்காகக் காத்திருந்த நமக்கு எவ்வளவு வருத்தம்!

ஆட்டம் 3-3 என முடிந்து, பெனால்டியில் அர்ஜென்டினா 4-2 என வென்றது. கோப்பையைத் தூக்குமுன் கத்தார் அமீர் மெஸ்ஸிக்குக் கறுப்பு அங்கியைப் போர்த்தியதும் சலசலப்பு எழுந்தது. அது பிஷ்த் என்றும், திருமணத்திலும் பெருநாள்களிலும் அணிவது என்றும், நாம் பொன்னாடை போர்த்துவதைப் போன்ற மரியாதை என்றும் உரிமையாளர் விளக்கிய பின் அந்த மேசையினரும் கைதட்டினார்கள்.

குறைகளும் உண்டு. ஒளிபரப்பு சில நொடிகள் பிந்துவதால் கோல் விழுந்த ஆரவாரம் அடுத்த தெருவிலிருந்து முதலில் கேட்கிறது. பாரிஸ் விழாவில் சிந்துவும் சரத் கமலும் கொடியேந்தி வந்த படகைத் தூண் மறைக்கும் இடத்திலிருந்து எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. முன்பதிவு செய்வோர் முற்றத்தின் இடப்பக்க இருக்கைகளைக் கேட்டு வாங்குங்கள்.