கோவிட்டுக்குப் பின் மறதி: நான் போன மறுவாழ்வு மையம்
கோவிட் சரியாகி 4 மாதம் ஆகியும், பேசும்போதே அடுத்த வார்த்தை நாக்குக்கு வராமல் நின்றுவிடும். காரணமில்லாத அழுகை வேறு. இந்த மையத்தில்தான் முதன்முதலாக என்னை நம்பினார்கள். நினைவாற்றலையும் சிந்தனைத் திறனையும் அளக்கும் மோகா சோதனை, 30 மதிப்பெண்ணுக்கு. கடிகாரம் வரைந்துவிட்டேன், நினைவில் வைக்கச் சொன்ன 5 சொற்களில் இரண்டுதான் திரும்ப வந்தன. கை நடுங்கியது. "இது சோம்பல் இல்லம்மா. கோவிட்டுக்குப் பின் நீடிக்கும் பாதிப்புக்கு உலக சுகாதார அமைப்பு 2021-இல் தந்த வரையறையிலேயே இந்தச் சிந்தனைத் தடுமாற்றம் இருக்கு" என்றார் சிகிச்சையாளர். அந்த ஒரு வார்த்தைக்காகவே போகலாம். அப்புறம், களைப்பு வருமுன்பே வேலையை நிறுத்தப் பழக்கினார்கள். எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுத வைத்தார்கள். மனநல ஆலோசனைக்கு 20 நிமிடம்தான், அது போதவே போதாது. ஆனாலும் போன வாரம் ஒரு நீளமான கடிதத்தை ஒரே மூச்சில் படித்து முடித்தேன்.