ஹட்டனில் ஃபைபர் இன்டர்நெட்: நாலு வருஷப் பாவனைக்குப் பிறகு

இணைப்பு எடுத்த வாரமே ஸ்பீட் டெஸ்ட் படத்தைப் போட்டு "சூப்பர்" என்று எழுதிவிட்டுப் போகிறவர்களால் மலைநாட்டில் இருப்பவனுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. இங்கே எந்த லைனும் முதல் மாதம் நன்றாகத்தான் ஓடும். ஜூன் மாத மழை, ஐப்பசி இடி, ஒரு மண்சரிவு எல்லாவற்றையும் அந்தக் கேபிள் பார்த்த பிறகு சொன்னால்தான் அது பேச்சு. எங்கள் வீட்டு லைன் அத்தனையும் பார்த்துவிட்டது. கம்பனிப் பெயர் போடவில்லை, டவுனில் இருப்பவர்களுக்கு எப்படியும் தெரியும்.

வீடு ஹட்டனிலிருந்து டிக்கோயா பக்கம் இறங்கும் ரோட்டில். முன்னறையில் சின்னக் கொமியூனிகேஷன் கடை: போட்டோகொப்பி, பிரின்ட், ரீலோட், ஓஎல் ரிசல்ட் வரும் நாளில் வாசல் வரை பிள்ளைகள். மேலே நாங்கள் குடியிருக்கிறோம். 2021இல் பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்தபோது பிள்ளைகள் சிக்னல் தேடி மலை உச்சிக்கும் மரத்துக்கும் ஏறிய காலம் ஞாபகம் இருக்கும். அந்த வருஷக் கடைசியில்தான் எங்கள் ரோட்டுக்கு ஃபைபர் வந்தது. அதற்கு முன்பு டெலிபோனின் செப்புக் கம்பியிலேயே வரும் ஏடிஎஸ்எல் இன்டர்நெட், பிறகு 4ஜி ரவுட்டர்.

வேகத்தைப் பற்றிச் சட்டென்று சொல்லி முடித்துவிடுகிறேன். நூறு எம்பிபிஎஸ் பேக்கேஜ். கேபிளைக் கணினியில் நேரே குத்தினால் பகலில் தொண்ணூறுக்கு மேல் வரும், இரவு எட்டு மணிக்குக் கொஞ்சம் இறங்கும். அப்லோட் அதில் பாதிகூட இல்லை. பெரிய பிரின்ட் ஃபைல் அனுப்பும்போது மட்டும் அது உறைக்கும். வீட்டுக்குள் வைஃபை வரவில்லை என்று கம்பனிக்குப் போன் அடிக்கிறவர்கள் முதலில் சுவரைப் பாருங்கள். எங்கள் பக்கத்துப் பழைய கருங்கல் சுவரை வைஃபையின் 5 கிகாஹேர்ட்ஸ் அலை தாண்டவே தாண்டாது. அடுத்த அறைக்கு ஒரு லான் வயர் இழுத்து இன்னொரு ரவுட்டர் வைத்த பிறகுதான் எனக்குச் சரியானது.

மலையில் ஃபைபரின் உண்மையான லாபம் இடி மின்னலில்தான் தெரியும். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் மூன்று மணிக்கு வானம் கறுத்தால் முன்பெல்லாம் டெலிபோன் வயரைப் பிடுங்கிப் போடுவதுதான் முதல் வேலை. பிடுங்க மறந்த வீட்டில் மோடம் கருகும், சில நேரம் அதோடு சேர்ந்து கணினியும் போகும். ஃபைபருக்குள் இருப்பது கண்ணாடி. அதில் மின்சாரம் ஓடாது. ஆனால் அதை நம்பி நிம்மதியாகத் தூங்கிவிடவும் கூடாது. கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் கறுப்புக் கேபிளைத் தாங்க ஒரு உருக்குக் கம்பி இருக்கிறது, அந்தக் கேபிள் வீட்டுக்குள் வந்து சேரும் பெட்டியின் அடப்டரும் கரண்டில்தான் இருக்கிறது. இடி கேட்டால் அடப்டரை நான் இன்றைக்கும் கழற்றித்தான் வைக்கிறேன்.

செப்புக் கம்பியில் ஒரு நல்ல குணம் இருந்தது, அது போய்விட்டது. பழைய டெலிபோனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வரும். வீடு இருட்டாகக் கிடந்தாலும் போன் அடிக்கும். இப்போது போனும் அந்த ஃபைபர் பெட்டி (ஓஎன்டி) வழியாகத்தான், வீட்டில் கரண்ட் இல்லையென்றால் எல்லாமே செத்துப்போகும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அப்போதுதான் 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று வாங்கினேன். இணைப்போடு சேர்த்தே கொடுக்க வேண்டிய சாமான் அது. ஃபைபரில் எக்ஸ்சேஞ்சுக்கும் வீட்டுக்கும் நடுவில், ஒரு இழையின் ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் பெட்டிகளுக்குக் கரண்டே தேவையில்லை. எக்ஸ்சேஞ்சில் ஜெனரேட்டர் ஓடி, உங்கள் பெட்டிக்கும் ஒரு யுபிஎஸ் இருந்தால் லைன் நிற்காது. டவரின் பெட்டரி இறங்கி போன் சிக்னல் போன பிறகும் எங்கள் வீட்டில் இன்டர்நெட் இருந்த இரவுகள் உண்டு. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு புகுந்ததால் நாடே இருண்டது என்றார்களே, அன்றைக்கும் எங்கள் வீட்டு லைன் நிற்கவில்லை. (எங்கள் ரோட்டுக் குரங்குகள் அவ்வளவு பெரிய காரியம் செய்வதில்லை, கேபிளில் ஊஞ்சல் ஆடுவதோடு சரி.)

பழுது வருவது பெரும்பாலும் கேபிளில்தான். வேலியோர டர்பன்டைன் மரத்தின் கிளை, ஹயர் லொறியின் உயரம், ரோட்டை அகலமாக்கும் பெக்கோ என்று ஏதாவது ஒன்று. பெட்டியில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியே வரவில்லை என்று அர்த்தம். உடனே பக்கத்து வீட்டில் கேளுங்கள். ஒரே ஸ்ப்ளிட்டரில் 32 வீடு, சில இடங்களில் 64 வீடு தொங்கும். அவர்களுக்கும் சிவப்பு என்றால் பழுது மேலே. உங்களுக்கு மட்டும் சிவப்பு என்றால் கம்பத்துக்கும் உங்கள் ஜன்னலுக்கும் இடையில். முறைப்பாடு கொடுக்கும்போதே இதைச் சொன்னால் தேவையில்லாத ஒரு சுற்று மிச்சம்.

போன மழைக்கு எங்கள் கேபிள் நசுங்கியபோது வந்தது நோர்வூட் பக்கத்துத் தம்பி ஒருவர், கம்பனி ஆள் இல்லை, கொந்தராத்து வேலை. "அண்ணே, குடையைக் கொஞ்சம் இப்படிப் பிடிங்க, மழைத்தண்ணி விழுந்தா இது ஒட்டாது" என்று படியிலேயே உட்கார்ந்து மடியில் இழை ஒட்டும் மெஷினை வைத்துக்கொண்டார். கறுப்பு உறையை உரித்தால் உள்ளே இருக்கும் இழை 125 மைக்ரோன் தடிப்பு. ஒளி ஓடும் நடுப்பகுதி 9 மைக்ரோன்தான். ஸ்பிரிட் நனைத்த டிசுவால் துடைத்தபோது கிரீச்சென்று ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தம் வராவிட்டால் சுத்தமில்லையாம். பிறகு ஒரே தட்டில் நேராக வெட்டி, இரண்டு முனையையும் எதிரெதிரே வைத்து மூடியைச் சாத்தினார். சின்னத் திரையில் இரண்டும் உலக்கை மாதிரிப் பெரிதாகத் தெரிந்தன, தாமாகவே நேர்ப்பட்டு ஒரு பொறியில் ஒன்றாகின. ஒளியின் பலத்தை அளக்கும் மீட்டரில் -21 வந்தது. -27க்குக் கீழே போனால் பெட்டி தடுமாறும் என்றார். அப்படியே ஜன்னலோரம் நான் அழகுக்காக மடித்து அடித்திருந்த கிளிப்புகளையும் கழற்றிவிட்டார். கண்ணாடி இழையை இறுக்கி வளைத்தால் ஒளி வெளியே கசியுமாம்.

அந்தத் தம்பி மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் அவர் வந்து சேர எடுக்கும் நாட்களில்தான். ஹொட்லைனில் முறைப்பாட்டு எண் ஐந்து நிமிஷத்தில் கிடைத்துவிடும், ஆள்தான் கிடைக்க மாட்டார். மஸ்கெலியாவிலிருந்து கொட்டகலை வரை ஒரே வேன் ஓடினால் அப்படித்தான் நடக்கும். பில்லைப் பற்றியும் ஒரு வார்த்தை: விளம்பரத்தில் போடும் விலை வரியில்லாத விலை. வற் (VAT) வரி மட்டும் 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம், அதற்கு மேல் தொலைத்தொடர்பு வரி. ஜிபி கணக்குள்ள பேக்கேஜில் இரவு டேட்டாவுக்காக நடுச்சாமத்தில் எழும்பி டவுன்லோட் போட்ட காலம் எனக்கும் இருந்தது. அன்லிமிட்டட் எடுத்த பிறகுதான் தூக்கம்.

இப்போது இன்னொரு கம்பனி எங்கள் ரோட்டில் கம்பங்களை எண்ணிக்கொண்டு போயிருக்கிறது. கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது அதைத்தான்: மாறலாமா? போட்டி வந்தால் விலை குறையும், வேன் இரண்டாகும், அதில் எனக்குச் சந்தோஷம்தான். இங்கிலாந்தில் இது பத்து வருஷமாக நடக்கிறது. மில்டன் கீன்ஸில் இருக்கும் என் மச்சானின் லைன் சிட்டிஃபைபர் போட்ட கேபிளில் வருகிறது, ஆனால் பில் அனுப்புவது வேறு கம்பனி. சிட்டிஃபைபர் வீடுகளுக்கு நேரடியாக விற்பதில்லை. பழைய பிரிட்டிஷ் டெலிகொம்மின் குழாய்களையும் கம்பங்களையும் மற்றவர்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்று ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு சொன்னதால்தான் அங்கே இத்தனை பேர் வந்தார்கள். ஒரே தெருவில் மூன்று கம்பனி கேபிள் போட, பக்கத்துக் கிராமத்தில் ஒன்றும் இல்லாமல் கிடந்த கதையும் அங்கே உண்டு. ஹல் நகரத்தில் வாசலுக்கு வாசல் புதுக் கம்பம் நடுகிறார்கள் என்று சனம் சண்டைக்கே போனது.

எங்கள் ரோட்டில் கம்பம் நட இடமும் இல்லை: ஒரு பக்கம் வெட்டிய மண்மேடு, மறுபக்கம் பள்ளம். அதனால் புதுக் கேபிளும் பழையதன் பக்கத்தில்தான் தொங்கப்போகிறது. சர்வேக்கு வந்தவரிடம் கேட்டேன், எந்த வழியாகக் கொண்டுவருகிறீர்கள் என்று. கினிகத்தேனை, வட்டவளை வழியாகவாம். அதே ஏ7 ரோடு. ஒரே மரம் விழுந்தால் இரண்டு கம்பனியும் போகும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது ரோடு சரிந்தது, ரயில் பாதையும் சரிந்தது, நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் எத்தனை வீடுகள் மண்ணுக்குள் போயின என்று எல்லாருக்கும் தெரியும். அந்த நாட்களில் எங்கள் பெட்டியில் சிவப்பு விளக்குத்தான். வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர்கள் உயிரோடு இருக்கிறோமா என்று கேட்க, நாங்கள் பதில் சொல்ல முடியாமல் கிடந்தோம். அதற்குப் பிறகு எந்தக் கம்பனியிடமும் நான் கேட்பது மாத விலையை அல்ல, கேபிள் எந்தப் பக்கத்தால் வருகிறது என்பதை. நோர்ட்டன் பிரிட்ஜ், மஸ்கெலியா பக்கத்தால் சுற்றி ஒரு வழி போட்டால், விலை கூடினாலும் முதல் ஆளாக எடுப்பேன்.

ரோட்டுக்குக் கீழே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு இரண்டு கம்பனியும் இறங்கப்போவதில்லை. தேயிலைக்குள் கம்பம் நட தோட்டத்தின் அனுமதி வேண்டும், நட்டாலும் எத்தனை பேர் கட்டுவார்கள் என்று கணக்குப் பார்க்கிறார்கள். 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபா என்று ஆன வீட்டில் மாதப் பேக்கேஜ் இரண்டு மூன்று நாள் கொழுந்துக் காசு. அதனால் வாரக் கார்ட் ரீலோட்தான் அவர்களுக்குத் தோது. ஸ்டார்லிங்க் 2025 ஜூலையில் இங்கே வந்தது, கருவிக்கு மட்டும் லட்சத்துக்கு மேல் என்றவுடன் அந்தப் பேச்சும் முடிந்தது. இங்கிலாந்தின் லங்காஷயரில் பி4ஆர்என் என்று ஒன்று 2011இல் தொடங்கியது. கம்பனி வராத கிராமத்து விவசாயிகள் தங்கள் நிலத்தில் தாங்களே வாய்க்கால் வெட்டி, ஃபைபர் போட்டு, ஆயிரம் எம்பிபிஎஸ் எடுத்துக்கொண்டார்கள். நிலம் அவர்களுடையது. எங்கள் லயத்துப் பொடியன்களுக்கு வெட்டத் தெரியும், வெட்ட நிலம்தான் இல்லை.

ஆக, டவுன் ரோட்டில் வீடு இருந்து, ஃபைபர் வாசலுக்கு வந்தால் யோசிக்காமல் எடுங்கள். மினி யுபிஎஸ்ஸையும் அன்றைக்கே வாங்குங்கள். புதுக் கம்பனி வந்ததும் பழையதை வெட்ட அவசரப்பட வேண்டாம், முதல் மழைக்காலம் முடியட்டும். நான் என் பழைய 4ஜி ரவுட்டரை விற்கவில்லை. வேறு மலையில் இருக்கும் டவரைப் பிடிக்கும் சிம் ஒன்றைப் போட்டு, மாதம் ஒரு சின்ன ரீலோட்டோடு கடை மேசைக்குக் கீழே வைத்திருக்கிறேன்.