பெரிய எழுத்து எங்கே வேண்டும்? பிரிட்டன் அரசின் நடைக் கையேடு: ஒரு மதிப்புரை

ஆங்கிலத்தில் அலுவலகக் கடிதமோ அறிக்கையோ எழுதும் தமிழர் பலருக்குப் பெரிய எழுத்து தீராத சந்தேகமாகவே இருந்து வருகிறது. வாக்கியத்தின் முதல் எழுத்து, 'நான்' என்று பொருள்படும் 'ஐ', ஆள் பெயர், ஊர்ப் பெயர், கிழமை, மாதம் ஆகியவற்றைப் பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். ஆனால் அமைச்சர், துறை, குழு, திட்டம், சட்டப்பிரிவு என்று வரும்போது அந்தப் பாடம் கை கொடுப்பதில்லை. இந்த இடத்தில் உதவும் இலவசச் சாதனங்களில் நான் முதலிடம் தருவது, பிரிட்டன் அரசின் கவ்.யூகே தளத்தில் உள்ள 'ஏ டு இசட்' நடைக் கையேட்டுக்குத்தான். 2012-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அந்தத் தளத்தில் எழுதும் அரசு ஊழியர்களுக்காகத் தயாரிக்கப்பட்டது என்றாலும், அதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். பணம் கட்டவோ பெயர் பதியவோ தேவையில்லை.

பெரிய எழுத்தைப் பற்றிய அதன் பகுதி சில நிமிடங்களில் படித்து முடிக்கக்கூடிய அளவுதான். தலைப்பானாலும் சேவையின் பெயரானாலும் வாக்கியத்தைப் போலவே எழுத வேண்டும், அதாவது முதல் சொல்லின் முதல் எழுத்து மட்டும் பெரிதாக இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. குறிப்பிட்ட ஒன்றுக்கே உரிய பெயர்கள் மட்டும் விலக்கு. 'மினிஸ்டர்' என்று பொதுவாகச் சொன்னால் சிறிய எழுத்து. 'மினிஸ்டர் ஃபார் ஹவுசிங்' என்று ஒரு குறிப்பிட்ட பதவியின் முழுப் பெயரைச் சொன்னால் பெரிய எழுத்து. ஒரு சட்டத்தின் முழுப் பெயரை முதலில் எழுதும்போது பெரிய எழுத்து. அடுத்த வரியில் அதையே 'தி ஆக்ட்' என்று சுட்டினால் சிறிய எழுத்து. தென்மேற்கு என்பது திசையானால் சிறியது, அதே பெயரில் ஒரு நிர்வாக வட்டாரம் இருந்தால் பெரியது. பருவ காலங்கள் எல்லாம் சிறியவை. மாதங்களைப் பெரிய எழுத்தில் எழுதிப் பழகிய கை, 'சம்மர்', 'விண்டர்' ஆகியவற்றுக்கும் அதையே செய்துவிடும் என்பதால் இந்தக் குறிப்பு நமக்கு மிகவும் பயன்படும்.

இந்தக் கையேட்டை நான் இவ்வளவு அழுத்தமாகப் பரிந்துரைப்பதற்குக் காரணம், நம் அலுவலக ஆங்கிலத்தில் ஆழமாக வேரூன்றிவிட்ட ஒரு பழக்கத்தை அது நேராகத் தொட்டுத் திருத்துவதுதான். நாம் பெரிய எழுத்தை மரியாதைக்குறியாக எண்ணிப் பழகிவிட்டோம். தமிழில் மரியாதை வினைமுற்றிலேயே இருக்கிறது. 'வந்தார்' என்றாலே போதும், வேண்டுமானால் 'அவர்கள்' என்றும் சேர்த்துக்கொள்வோம். ஆங்கில வினையில் அதற்கு இடமில்லாததால், அந்த மரியாதையை எங்காவது காட்டியாக வேண்டும் என்ற தவிப்பில் கலெக்டர், டைரக்டர், கமிட்டி, ஆபீஸ் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் தொடங்குகிறோம். நல்லெண்ணத்தில் பிறக்கும் தவறு இது, ஆனாலும் தவறுதான். பெரிய எழுத்து ஒருவரை உயர்த்துவதில்லை. இது இன்னதற்கே உரிய பெயர் என்று அடையாளம் காட்டுகிறது, அவ்வளவே. இந்தக் கையேடு டைரக்டர் ஜெனரலையும் பொது வழக்கில் சிறிய எழுத்தில்தான் எழுதச் சொல்கிறது. 'போப்' என்பது ஒரு குறிப்பிட்ட போப்பின் பெயரோடு சேர்ந்து வரும்போது பெரிய எழுத்து, பெயரின்றி வெறும் 'போப்' என்றால் சிறிய எழுத்து. பிரபுக்களின் பட்டத்துக்கும் இரண்டாம் முறை குறிப்பிடும்போது அதே கதி. யாருடைய மதிப்பும் இதனால் குறைந்துவிடவில்லை.

'கவர்ன்மென்ட்' என்ற சொல்லுக்கு அது தரும் விளக்கத்தை மட்டும் நிதானமாகப் படித்தாலே முழு விதியும் பிடிபட்டுவிடும். பிரிட்டன் அரசைப் பொதுவாகச் சொல்லும்போது அந்தச் சொல்லுக்குச் சிறிய எழுத்து. வேல்ஸ் அரசைச் சொல்லும்போது பெரிய எழுத்து, ஏனென்றால் 'வெல்ஷ் கவர்ன்மென்ட்' என்பதே அந்த அமைப்பின் அதிகாரப்பூர்வப் பெயர். எந்த அரசு பெரியது என்ற கேள்விக்கே இங்கு இடமில்லை. பெயரா, வருணனையா என்பது ஒன்றுதான் கேள்வி. உள்ளாட்சி மன்றங்களுக்கும் இதே கணக்கு: பொதுவாக 'கவுன்சில்' என்றால் சிறியது, 'ரெடிங் பரோ கவுன்சில்' என்றால் மூன்று சொற்களும் பெரியவை.

முழுச் சொற்களையும் பெரிய எழுத்திலேயே எழுதக் கூடாது என்ற அறிவுரையும் சரியானதே. (விண்ணப்பப் படிவத்தில் பேனாவால் பெரிய எழுத்தில் நிரப்பச் சொல்வது கையெழுத்து புரிய வேண்டும் என்பதற்காக, அது வேறு விஷயம்.) ஆனால் இதற்கு அந்தத் தளத்தின் எழுத்து வழிகாட்டுதல்கள் காட்டிவந்த காரணம் எனக்கு முழு நிறைவைத் தரவில்லை. நாம் சொல்லின் வடிவத்தை அப்படியே அடையாளம் கண்டு படிக்கிறோம், எல்லாம் பெரிய எழுத்தானால் அந்த வடிவம் அழிந்துவிடுகிறது என்பது பழைய விளக்கம். எழுத்துகளை ஒரே சமயத்தில் இனங்கண்டுதான் சொல்லை அறிகிறோம் என்ற கருத்தே வாசிப்பு ஆய்வாளர்களிடையே இன்று வலுவாக உள்ளது. நமக்குப் பழக்கமான வடிவம் சிறிய எழுத்து, நீண்ட பத்தி முழுவதும் பெரிய எழுத்தாக வந்தால் கண் சிரமப்படும் என்று சொன்னாலே போதுமானது.

குறைகள் என்று பார்த்தால், முதலில் சொல்ல வேண்டியது அதன் அமைப்பு. அகர வரிசையில் இருப்பதால் பதவிகள் ஓரிடம், பருவங்கள் ஓரிடம், திசைகள் ஓரிடம் என்று விதிகள் சிதறிக் கிடக்கின்றன. தேடும் வசதியைப் பயன்படுத்தத் தெரியாதவர் சலித்துப்போவார். இரண்டாவதாக, பதவிப் பெயர் விதி பிரதமரிடம் வரும்போது தளர்ந்துவிடுகிறது. ஆள் பெயர் இல்லாமல் வந்தாலும் 'பிரைம் மினிஸ்டர்' என்பதைப் பெரிய எழுத்திலேயே எழுதச் சொல்கிறது. போப்புக்கு இல்லாத சலுகை பிரதமருக்கு ஏன் என்பதற்குச் சரியான பதில் அங்கே கிடைப்பதில்லை. தி கார்டியன் நாளிதழ் இதில் துணிந்து சிறிய எழுத்தையே வைத்துக்கொண்டது. நாசா போல ஒரே சொல்லாக உச்சரிக்கும் சுருக்கப் பெயர்களுக்கும் அந்த நாளிதழ் முதல் எழுத்தை மட்டுமே பெரிதாக்குகிறது. அமெரிக்காவின் ஏபி செய்தி நிறுவனம் 2016-இல் 'இன்டர்நெட்' என்பதைச் சிறிய எழுத்துக்கு இறக்கியது. 2020-இல் கறுப்பினத்தவரைக் குறிக்கும் 'பிளாக்' என்ற சொல்லைப் பெரிய எழுத்துக்கு ஏற்றியது. ஆகவே எந்த ஒரு கையேட்டையும் ஆங்கிலத்தின் இறுதித் தீர்ப்பாகக் கொள்ளக் கூடாது. அடிப்படை ஒன்றே, விளிம்பில் நிற்கும் சொற்களை ஒவ்வொரு நிறுவனமும் தானே முடிவு செய்கிறது.

தொடக்க நிலை மாணவருக்கு இதை நான் தர மாட்டேன். 'தமிழ்', 'இந்தியன்' போன்ற மொழி, நாட்டினப் பெயர்களுக்குப் பெரிய எழுத்து கட்டாயம் என்பது போன்ற அடிப்படைகள் தெரிந்தவருக்காகவே இது எழுதப்பட்டிருக்கிறது. ஒப்பந்தம் எழுதும் வழக்கறிஞருக்கும் இது பொருந்தாது: அங்கே 'கம்பெனி' என்ற சொல்லை முதலில் வரையறுத்துவிட்டு, பிறகு அந்த வரையறையைச் சுட்டுவதற்காகவே பெரிய எழுத்தில் தொடர்ந்து எழுதுவது முறை. தலைப்பின் முக்கியச் சொற்களையெல்லாம் பெரிய எழுத்தில் தொடங்கச் சொல்லும் ஆய்விதழ்களுக்கு எழுதுபவர், அந்தந்த இதழின் விதியைத்தான் பார்க்க வேண்டும்.

மற்றபடி, ஆங்கிலத்தில் சுற்றறிக்கை, அறிவிப்பு, மின்னஞ்சல், இணையதளக் குறிப்பு என்று தினமும் எழுதும் அலுவலகங்கள் இதைத் தயங்காமல் பின்பற்றலாம். மூலத்தைக் குறிப்பிட்டு மறுபயன்பாடு செய்ய அனுமதிக்கும் திறந்த அரசு உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டிருப்பதால், பிரிட்டனுக்கே உரிய துறைப் பெயர்களை எடுத்துவிட்டு, நம் துறைகள், நம் திட்டங்கள், நம் மாவட்டப் பதவிகளை எடுத்துக்காட்டாகச் சேர்த்து, அலுவலகத்துக்கென்று இரண்டு பக்கக் குறிப்பாகத் தயாரித்துக்கொள்ளவும் தடையில்லை.