18 வயது ஆகவில்லையா? "என் பேரில் வைத்துக்கொள்ளலாம்" என்பவரிடம் கவனம்

16 வயதில் நான் தொடங்கிய ஒரு சின்ன ஆப் தொழில், எனக்கு 17 ஆவதற்குள் இன்னொருவருடையதாகிவிட்டது. யாரும் ஹேக் செய்யவில்லை, மிரட்டவில்லை. எல்லா அக்கவுண்டும் அவர் பெயரில் இருந்தது, அவ்வளவுதான். அவர் யார் என்று இங்கே எழுதப் போவதில்லை. ஆனால் அதே பேச்சோடு உங்களிடமும் ஒருவர் வரலாம்.

முடிதிருத்தும் கடைகளுக்கான முன்பதிவு ஆப் அது. வாடிக்கையாளர் நேரம் குறித்துக்கொள்வார், கடைக்காரர் போனில் பார்த்துக்கொள்வார், அரை மணி நேரம் முன்னால் இருவருக்கும் நினைவூட்டல் போகும். பெரிய கண்டுபிடிப்பெல்லாம் இல்லை. ஆனால் பள்ளி விட்டு வந்து எட்டு மாதம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து எழுதியது. முதலில் மூன்று கடைகளுக்கு இலவசமாகக் கொடுத்தேன். எங்கே இடிக்கிறது என்று அவர்கள் சொல்லச் சொல்லத்தான் அது ஒரு உருப்படியான ஆப் ஆனது.

வெளியிடலாம் என்று போனபோதுதான் முட்டியது. பிளே ஸ்டோரில் டெவலப்பர் அக்கவுண்ட் திறக்க 18 வயது ஆகியிருக்க வேண்டும். இணையத்தில் பணம் வாங்க உதவும் பேபாலுக்கும் அதே 18. ஆப்பிளிலும் சட்டப்படி மேஜராக இருக்க வேண்டும்.

அந்த நேரத்தில் வந்தவர்தான் அவர். மாணவர் போட்டி ஒன்றில் நடுவராக இருந்தார், சொந்தமாக மென்பொருள் நிறுவனம் வைத்திருந்தார். என் ஆப்பைப் பார்த்துவிட்டு முதுகில் தட்டி, "இதுக்கெல்லாம் கவலைப்படாதே தம்பி. எல்லாத்தையும் என் பேர்ல வச்சுக்கலாம், உனக்கு 18 ஆனதும் மாத்தித் தர்றேன்" என்றார். வருமானத்தில் ஆளுக்குப் பாதி. எழுதிக்கொள்ளலாமா என்று அம்மா கேட்டதற்கு, "மைனரோட போடற அக்ரிமெண்ட் செல்லாதும்மா, பேப்பர் எதுக்கு?" என்று சிரித்தார். அம்மா பேசாமல் இருந்துவிட்டார். நானோ, அம்மா அப்படிக் கேட்டதையே அவமானமாக நினைத்தேன்.

அவர் சொன்னதில் பாதிதான் உண்மை. மைனர் போடும் ஒப்பந்தம் அந்த மைனரைக் கட்டுப்படுத்தாது என்று பல நாடுகளில் சட்டம் இருக்கிறது. விவரம் நாட்டுக்கு நாடு மாறும், ஆனால் அது சிறுவர்களைக் காப்பாற்ற வந்த விதி. அம்மாவுக்கும் அவருக்கும் இடையே ஒரே பக்கத்தில் ஒரு ஒப்பந்தம் போட யாரும் தடை சொல்லியிருக்க மாட்டார்கள். அதைவிடச் சுலபம், எல்லா அக்கவுண்டையும் அம்மா பெயரிலேயே திறந்திருக்கலாம். எங்களுக்கு அது தோன்றவே இல்லை.

முதல் ஆறு மாதம் நன்றாகவே போனது. கடைகள் நாற்பதைத் தாண்டின. மாதம் பிறந்தால் என் பங்கு வந்துவிடும். இதற்கிடையில் "கம்பெனி ரெக்கார்டுக்கு" என்று சொல்லி நான் எழுதிய நிரலை, அதாவது கோடு முழுவதையும், கோடு சேமித்து வைக்கும் தளமான கிட்ஹப்பில் தன் அக்கவுண்டுக்கு மாற்றச் சொன்னார். மாற்றினேன். டொமைன், அதாவது இணைய முகவரி, ஏற்கெனவே அவர் பெயரில்தான் இருந்தது.

அப்புறம் ஒரு சனிக்கிழமை, கடைக்காரர் ஒருவர் போன் செய்தார். "தம்பி, இந்த மாசம் பில் வேற கம்பெனி பேர்ல வந்திருக்கே, நீங்க வித்துட்டீங்களா?" எனக்கு ஒன்றும் புரியவில்லை. லேப்டாப்பைத் திறந்து கிட்ஹப்புக்குப் போனேன். 404. 'அனுமதி இல்லை' என்றுகூட வரவில்லை, 'அப்படி ஒரு பக்கமே இல்லை' என்று வந்தது. ரகசிய ரெப்போவிலிருந்து, அதாவது கோடு இருக்கும் கிடங்கிலிருந்து, ஒருவரை நீக்கினால் கிட்ஹப் அவருக்கு அப்படித்தான் காட்டும் என்பது எனக்குப் பின்னால்தான் தெரியும். அன்றைக்கு எட்டு மாத உழைப்பையும் அழித்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். நல்லவேளை, கோட்டின் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் என்ற கருவியில் லேப்டாப்பில் இருக்கும் பிரதியே முழு வரலாற்றோடு இருக்கும். என் கோடு என்னிடம் பத்திரமாக இருந்தது.

அப்டேட் உரிய இடத்திலிருந்துதான் வருகிறது என்று காட்டும் கையெழுத்துச் சாவி, அதாவது கீஸ்டோர் கோப்பு, என்னிடம்தானே இருக்கிறது, நான் இல்லாமல் அவரால் அப்டேட் விட முடியாது என்று ஒரு தைரியம் இருந்தது. அதுவும் இரண்டு வாரத்தில் போனது. 2021 ஆகஸ்டுக்குப் பிறகு வரும் புது ஆப்களுக்கு அசல் சாவியை கூகுள்தான் வைத்திருக்கும். நம்மிடம் இருப்பது ஏற்றுவதற்கான அப்லோடு சாவி மட்டும். அது தொலைந்துவிட்டது என்று அக்கவுண்ட் உரிமையாளர் கேட்டால் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். அவர் கேட்டார், கிடைத்தது.

போனில் பிடித்தபோது கோபமே இல்லாமல் பேசினார். "உன்கூட எனக்கு அக்ரிமெண்ட் எதுவும் இல்லையே தம்பி. நீ கத்துக்கிட்டே இல்லையா, அதுவே பெரிய விஷயம்."

பதிப்புரிமைக்கு வயது ஒரு தடையில்லை, எங்கும் பதிவு செய்ய வேண்டியதும் இல்லை. எழுதியவர் எழுதிய கணத்திலிருந்தே உரிமையாளர். பெர்ன் என்ற சர்வதேசப் பதிப்புரிமை உடன்படிக்கை 1886 முதல் இருக்கிறது. அந்த நம்பிக்கையில் அம்மா கையெழுத்தோடு கூகுளுக்குப் புகார் அனுப்பினோம். ஆப்பைக் கீழே இறக்கினார்கள். அவர் உடனே அந்தப் புகாரை மறுத்து எதிர் அறிவிப்பு கொடுத்தார். டிஎம்சிஏ என்ற அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டப்படி, அதற்குப் பிறகு புகார் கொடுத்தவர் வழக்குப் போடாவிட்டால் 10 முதல் 14 வேலை நாளில் திரும்ப ஏற்றிவிடலாம். வழக்குப் போட எங்களிடம் வசதி இல்லை. ஆப் திரும்ப வந்துவிட்டது.

ஆதாரம் என்று வந்தபோது இன்னொன்று புரிந்தது. கமிட்டுகளில், அதாவது கிட்டில் பதிவான ஒவ்வொரு மாற்றத்திலும், என் பெயர் இருப்பதால் மட்டும் பயனில்லை. கிட்டில் யார் பெயரையும் மின்னஞ்சலையும் போட்டுக்கொள்ளலாம், அதையே அவர் சொன்னார். முதல் கடைக்காரரோடு பேசிய பழைய சாட், தேதியோடு இருந்த மின்னஞ்சல்கள், அவர் என் வாழ்க்கையில் வருவதற்கு முன்பே என் சொந்த அக்கவுண்டுக்கு ஏற்றியிருந்த ஒரு சோதனை ரெப்போ, இவைதான் கொஞ்சமாவது எடுபட்டன.

புதுசாக வெளியிட்டேன், இந்த முறை அம்மா பெயரில். ஸ்டோரில் ஆப்பின் அடையாளமான பழைய பேக்கேஜ் பெயர் அவர் அக்கவுண்டில் இருப்பதால் அதை நான் பயன்படுத்த முடியாது. அதனால் பிளே ஸ்டோருக்கு இது வேறு ஆப். விமர்சனம் எல்லாம் பூஜ்யத்திலிருந்து. ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கி, பழையதை நீக்கிப் புதியதைப் போட வைத்தேன். பதினொரு கடைகள் வந்தன. எனக்கு 18 ஆனதும் அம்மா அக்கவுண்டிலிருந்து என்னுடையதற்கு ஆப்பை மாற்றிக்கொள்ள கூகுளே ஒரு படிவம் வைத்திருக்கிறது. அவர் "மாத்தித் தர்றேன்" என்று சொன்னதும் இதே படிவத்தைத்தான்.

போன மாதம் ஒரு பத்தாம் வகுப்புப் பையன் என்னிடம் பேசினான். அவனும் ஒரு ஆப் செய்திருக்கிறான், அதே சாரைப் பார்த்திருக்கிறான். "அவரு ரொம்ப நல்லவர்ணா, எல்லாத்தையும் அவரே பாத்துக்கறேன்னு சொல்லிட்டார்" என்றான். பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. அன்றிரவே வீடியோ காலில் அவனை உட்கார வைத்து, அவன் அப்பா பெயரில் அக்கவுண்ட் திறந்து, கோட்டையும் டொமைனையும் அங்கே கொண்டு போனோம். முடியும்போது மணி ஒன்றரை.