பதினாறுக்குப் பிறகு: போனா, பாலியேட்டிவ் சிஸ்டரா?

தேனி மாவட்ட எல்லையை ஒட்டிய கேரளத் தேயிலைத் தோட்டப் பகுதியான குமுளி, வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பதினாறாம் நாள் வரைக்கும் ஆளுக்குப் பஞ்சமில்லை. கம்பம், கூடலூரிலிருந்து ஜீப் பிடித்துக் கேதம் கேட்க வருவார்கள். பக்கத்து லயத்திலிருந்து (தொழிலாளர் குடியிருப்பு வரிசை) சோறு வந்துவிடும். காரியம் முடிந்து பந்தலைப் பிரித்த பிறகுதான் சிரமம். கொழுந்தெடுக்கப் போயே ஆகவேண்டும், ராத்திரி தூக்கம் பிடிக்காது, இறந்தவர் பேச்சை எடுத்தாலே மற்றவர்கள் பேச்சை மாற்றுவார்கள். அதற்கப்புறம் யாரிடம் போவது?

முதலில் போன். 14416, டெலி மானஸ் என்ற மனநல ஆலோசனை எண். 2022 அக்டோபரில் தொடங்கிய இலவச சேவை, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழைத் தேர்ந்தெடுத்துப் பேசலாம். தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்று சொல்வதும் இதே எண்தான். மலையாளம் சரளமாக வருகிறவர்களுக்குக் கேரள அரசின் உதவி எண் திசா, 1056. நடுராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு அடைக்கிற மாதிரி இருந்தால் இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் மறுபடி கூப்பிட்டால் வேறொருவர் எடுக்கலாம், கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டிவரும். மாமியாரும் பிள்ளைகளும் படுத்திருக்கும் ஒற்றை அறையில் வாய்விட்டுப் பேசவும் முடியாது.

அடுத்தது பஞ்சாயத்து பாலியேட்டிவ் சிஸ்டர், அதாவது தீராத நோயாளியை வீட்டுக்கே வந்து பார்த்து வலியைக் குறைக்கும் நர்ஸ். கேரளம் 2008-லேயே இதற்கென்று கொள்கை வகுத்து, வீட்டுக்கே நர்ஸ் வரும் ஏற்பாட்டை உள்ளாட்சிகளிடம் கொடுத்தது. தமிழ்நாட்டில் 2021-இல் வந்த மக்களைத் தேடி மருத்துவத்திலும் வீட்டில் வந்து பார்க்கும் வலி நிவாரண சிகிச்சை உண்டு. நோயாளி இறந்த பிறகு காற்று மெத்தையையும் மிச்சமிருக்கும் மார்ஃபின் வலி மாத்திரையையும் திரும்ப வாங்க சிஸ்டர் வருவார். அப்போதுதான் அந்தக் கேள்வி வரும்: "நான் கொடுத்த கஞ்சி புரையேறித்தான் போயிட்டாரா சிஸ்டர்?" கடைசி நாளில் தொண்டையில் கேட்ட அந்தச் சத்தம் கஞ்சியால் வந்ததில்லை, சளியை விழுங்கவோ இருமவோ தெம்பில்லாததால் வந்தது என்று அவரால் சொல்ல முடியும். அவர் அந்தக் கட்டிலருகே நின்றவர். அந்த பதிலை எந்த போனும் தராது. குடும்பத்துக்கு என் ஓட்டு சிஸ்டருக்குத்தான்.

ஆனால் மூணாறு பக்கத்துப் பெட்டிமுடி மண்சரிவு போல, 2020 ஆகஸ்டில் 70 உயிர்கள் ஒரே ராத்திரியில் போனது போல, திடீர்ச் சாவென்றால் சிஸ்டருக்கு அந்த வீடே பழக்கமிருக்காது. அங்கே போனும், மாவட்ட மனநலத் திட்ட டாக்டரும்தான் கைகொடுப்பது. இன்னொரு குறை, எல்லையால் வருவது: தமிழ்நாட்டுப் பக்கம் தேனி கானாவிலக்கு மருத்துவக் கல்லூரியில் இறந்தால் இந்தப் பக்கத்து பாலியேட்டிவுக்குத் தகவலே போகாது. வார்டு மெம்பரிடமோ, ஊர் சுகாதாரப் பணியாளரான ஆஷா அக்காவிடமோ வீட்டிலிருந்து ஒருவர் சொல்லிவிட வேண்டும். ஆறு மாதம் தாண்டியும் வேலையில் கை ஓடவில்லை, நினைப்பு இறந்தவரை விட்டு அகலவில்லை என்றால் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

நோயாளி சாவதைப் பார்த்து மனம் உடையும் நர்ஸ், அட்டெண்டர், டாக்டர் விஷயத்தில் கணக்கு தலைகீழ். அவர்களுக்குத் தெரியாத ஆள்தான் நல்லது. ஆஸ்பத்திரி மனநல ஆலோசகரிடம் அழுதால் நாளைக்கு டியூட்டி ரூமில் பேச்சாகிவிடுமோ என்ற பயம் நியாயமானது. அவர்களும் 14416-ஐ அழைக்கலாம். தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிகளில் மாணவர்களுக்கு 'மனம்' என்ற மனநல ஆதரவு ஏற்பாடும் இருக்கிறது. சாவுக்குப் பிறகு வார்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசுவது நல்ல பழக்கம்தான், ஆனால் சூப்பரிண்டெண்ட் பக்கத்தில் இருந்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அவர் இல்லாமல் நடத்துங்கள். போன் எண்ணைச் சுவரில் ஒட்டிவிட்டதால் நிர்வாகத்தின் பொறுப்பு முடிந்துவிடாது: உடலை இப்போதுதான் மூடிவிட்டு வந்த சிஸ்டரை அடுத்த படுக்கைக்கு விரட்டாமல், பத்து நிமிடம் மாற்று ஆள் போட்டுக் கொடுங்கள்.